டப்பாவில் மிச்சமான மாத்திரைகள்

செம்மலின் அம்மாவுக்கு,

காலாப்பட்டு ஜெயிலிலிருந்து எழுதுகிறேன். பையனின் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னதால்தான் டாக்டரை அடித்தேன் என்று நீயும் நம்புகிறாய். அதற்கில்லை.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"கிருமிக்கும் சுவர் இருக்குதுங்க. அதைக் கட்ட விடாம பண்றதுதான் இந்த மாத்திரை. சுவர் இல்லாம கிருமி வெடிச்சுச் செத்துடும். பாதி பாதியில நிறுத்துனா, தாக்குப்பிடிக்கிற கிருமி மட்டும் பொழைச்சுப் பெருகும். இப்ப அது மருந்தையே வெட்டிப் போடுது. யாருங்க நிறுத்துனது?"

அந்தக் கேள்விக்குத்தான் அடித்தேன். இருபது வருஷமாகப் பழைய பங்களாச் சுவர்களைச் சம்மட்டியால் உடைத்த கை. அவர் மூக்கு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரின் வாயிலேயே மிதித்தேன். மறுபடியும் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

செம்மல் காலில் ஆணி குத்திய புண் சீழ் வைத்த மூன்று தடவையும் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார்கள். மாத்திரை சூடு, பிள்ளை உடம்பு தாங்காது என்று நினைத்து, சீழ் வற்றிய இரண்டாம் நாளே நான் நிறுத்திவிட்டேன். "குடுத்துட்டீங்களா?" என்று நீ வேலையிலிருந்து வந்து கேட்கும்போதெல்லாம் தலையாட்டினேன்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. மிச்சமெல்லாம் அதில்தான். செம்மல் கேட்டால் திறந்து காட்டு. காலை வெட்டியது டாக்டர் என்று மட்டும் அவனிடம் சொல்லாதே.

உன் வீட்டுக்காரன்