இன்று சாயங்காலம் கதை இல்லை

ஆத்தா வித்யா,

சுண்டல் அவித்து அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். பேத்தி முத்துப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் கொடு. முறுக்கு டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் எடை கூடிவிட்டது என்று எழுதி அனுப்பியதிலிருந்து நான் செல்போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று நீ, "போனை மட்டும் ஏன் பெரியம்மா சொல்றீங்க? நீங்களும் கதை சொல்லி, முறுக்கைக் கையில குடுத்து, இருட்டுற வரைக்கும் உக்காரத்தான வைக்கிறீங்க" என்றாய். கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

நீ சொன்னது சரிதான். கதையில் யானை தேவாரம் ஊர்த் தோட்டத்தை விட்டு மலையேறுவதற்குள் பிள்ளை நாலு முறுக்குத் தின்றுவிடுகிறாள். கதையை நான் நீட்டியதும் அவளுக்காக இல்லை. அவள் எழுந்து போய்விட்டால் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்?

இனிமேல் சாயங்காலம் ரெபேக்காள் வீட்டில் ஏலக்காய் தரம் பார்த்துப் பொறுக்கப் போகிறேன். ஆறரைக்கு வந்துவிடுவேன். பக்கத்து வீட்டு ஜாக்குலின் பந்தும் மட்டையுமாக வருவாள். பிள்ளையை அவளோடு விளையாட அனுப்பு.

பெரியம்மா

பிள்ளை என்னைத் தேடினால் இருக்கிற இடத்தைச் சொல்லாதே. அங்கேயும் வந்து உட்கார்ந்துவிடுவாள். தேடினாள் என்றால், அதை மட்டும் நான் வந்ததும் என்னிடம் சொல்.