பெரிய தாச்சியில் ஒரு கலயம்

1946 வைகாசி, செவ்வாய்.

தூத்துக்குடிப் பட்டறையில் அடித்து வந்த பெரிய இரும்புத் தாச்சியில் இன்றுதான் முதல் முறையாகப் பதநீர் காய்ச்சினோம். இனி எங்கள் பனைகளோடு பக்கத்துத் தோப்புகள் நான்கின் பதநீரையும் ஒரே அடுப்பில் கருப்பட்டியாக்கிவிடலாம். சீனி ரேஷனுக்குப் போனதிலிருந்து வியாபாரிகள் வீடு தேடி வருகிறார்கள்.

கடைசியாக வந்த கலயத்தை என் மனைவி ஞானம் முகர்ந்து பார்த்தாள். "உள்ள சுண்ணாம்பு தடவாம மரத்துல கட்டியிருக்காங்க. புளிச்ச வாடை அடிக்கு. தனியா வைப்போம்" என்றாள்.

"இவ்வளவு பெரிய தாச்சியில ஒரு கலயம் என்ன செஞ்சிரும்? ஊத்து" என்றேன். ஊற்றினாள்.

எவ்வளவு எரித்தும் பாகு பதத்துக்கு வரவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றியது சாயங்காலம்வரை களியாகவே கிடந்தது. பழைய மண்சட்டியாக இருந்தால் ஒரு சட்டியோடு போயிருக்கும். இப்போது ஐந்து தோப்பின் பதநீரும் போயிற்று.

ஞானம் தாச்சியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் தோப்புக்காரர்கள் வருவார்கள். சுண்ணாம்பு தடவாதது யார் என்று கேட்பார்கள். அது யாருடைய கலயம் என்று எனக்குத் தெரியும். ஊற்றச் சொன்னது யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றாது.

ஞானம் பக்கத்தில்தான் நிற்பாள்.