மட்டக்கம்பு வைத்து வெட்டிய புல்

கலவானை
ஏப்ரல் 29

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் கத்தார் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். கடைக்கார கபூர் நானாவின் மகள் பர்ஸானா புதன்கிழமை அங்கே திரும்புகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நீ எடுக்கும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அவர் முன்னால் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன்.

பங்களா அறை நமக்குக் கிடைக்கவில்லை. போன வாரம் நீ கேட்டபோது இன்னும் முடிவு சொல்லவில்லை என்றேனே, அது பொய். சித்திரைப் புது வருஷம் முடிந்த மறுவாரமே முடிவு தெரிந்துவிட்டது. தோட்டத்துத் துரை அப்பாவைக் கூப்பிட்டு, "ராமச்சந்திரன், ஹோட்டல்காரங்க பங்களாவ குத்தகைக்கு எடுத்திருக்காங்க, ஏப்ரல்ல பாக்க வருவாங்க, முன்னால இருக்கிற புல்தரைய சரி பண்ணிக் காட்டு, தோட்டக்கார வேலையும் குசினிக்குப் பின்னால இருக்கிற அறையும் ஒனக்குத்தான்" என்று சொன்னது உனக்குத் தெரியும். வேலையை விட அந்த அறைதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் விழுந்த வெடிப்பில் இப்போது என் கை முழங்கை வரைக்கும் போகிறது. மண்சரிவு அபாயம் என்று சிவப்பு போர்டு அடித்துவிட்டுப் போனவர்கள் வேறு இடம் காட்டவில்லை. பங்களா பாறை மேல் இருப்பதால் அங்கே மண் வராது. மே மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று நான் பாத்திரங்களைக் கூடச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன்.

அந்தப் புல்தரை எப்படிக் கிடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்த வருஷம் நம் லயத்துப் பதினோரு குடும்பமும் எட்டு மாதம் கூடாரம் போட்டுக் கிடந்த இடம், நீ அங்கேதான் தார்ப்பாய்க்குள்ளே உட்கார்ந்து ஏ லெவலுக்குப் படித்தாய். கூடாரங்களைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓட அப்பா வெட்டிய கான், அடுப்புக் குழி, கம்பு நட்ட குழி எல்லாம் அப்படியே இருந்தன, மேலே மட்டும் புல் இடுப்பளவு வளர்ந்து மூடியிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பின்னேரங்களில் நானும் அப்பாவும் மருதாயி அக்காவும் இறங்கினோம். நீ அப்போதே போனில் சொன்னாய், புல்லைப் பார்க்காதீங்கம்மா, மண்ணைச் சரி பண்ணுங்க, மேட்டில் புல்லைப் பாளமாகத் தூக்கி அடியில் செதுக்கணும், பள்ளத்தில் சலித்த மண்ணை விரல் கனத்துக்கு மேல் போடக் கூடாது, புல் மேலே வந்த பிறகு திரும்பவும் போடணும் என்று. அப்பா அன்றைக்கு வீட்டில் இல்லை. அவர் வந்ததும் சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை மகள். ஒரு வருஷ வேலையை இவள் இரண்டு மாதத்தில் செய்யச் சொல்கிறாளே என்று நினைத்தேன். மறுநாள் மருதாயி அக்காவிடம், "விவசாயத்துல பட்டம் வாங்குன புள்ள, மட்டக்கம்பு புடிச்சிருந்தாத்தானே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முப்பது வருஷமாகத் தேயிலைச் செடி மேல் மட்டக்கம்பை வைத்து, கம்புக்கு மேலே வந்த கொழுந்தை மட்டும் கிள்ளி எடுக்கிறவள் நான். கீழே மண் மேடோ பள்ளமோ, மேலே பார்த்தால் செடி பலகை போல இருக்கும். புல்லுக்கும் அதையே செய்யலாம் என்று நான்தான் அப்பாவிடம் சொன்னேன். கம்பைப் பிடித்தபடி நான் முன்னால் போக, அப்பா கத்தியால் வெட்டிக்கொண்டே பின்னால் வந்தார். பத்து நாளில் முடிந்தது. அன்றைக்குப் பார்த்திருந்தால் நீயும் நம்பியிருப்பாய், துணி விரித்த மாதிரி இருந்தது. "ஏன்டி விஜயகலா, தொரையே வந்து படுத்துக்குவாரு போல இருக்கே, தலகாணி மட்டும் நீ குடுத்துரு" என்றாள் மருதாயி அக்கா. அப்பா மூன்று தரம் குறுக்கே நடந்து பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு.

அதற்குப் பிறகு வெயில் பிடித்துக்கொண்டது. மேட்டில் வேரோடு ஒட்ட வெட்டியிருந்த புல் கருகிச் செம்மண் தெரிந்தது. பள்ளத்தில் நீளமாக விட்ட புல் சாய்ந்து மஞ்சளாக அழுகியது. ஒவ்வொரு கூடாரமும் நின்ற சதுரம் கோடு போட்ட மாதிரி எழும்பி வந்தது, நான் எண்ணினேன், பதினொன்றும் இருந்தன. ஹோட்டல்கார அம்மா வந்து நான்கு அடி வைக்கவில்லை, புல் மூடியிருந்த கானில் கால் இறங்கி விழுந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து நின்று "மே மொகத்த?" என்று கேட்டாராம். இது என்ன என்று கேட்டால் அப்பா என்ன சொல்லுவார்? தன் பிழை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துரை, "நான் புல்லு வெட்டச் சொல்லல ராமச்சந்திரன், தரைய சரி பண்ணத்தான் சொன்னேன்" என்றாராம். ஜூலையில் கொழும்பிலிருந்து லொறியில் பாய் போலச் சுருட்டிய புல் வருகிறது, அதைப் பார்த்துக்கொள்ள வருகிறவனுக்குத்தான் அறை.

அப்பா இன்றுவரைக்கும் கம்பு வைக்கச் சொன்னது நான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ போனில் சொன்னதை நான் மறைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. நீ சின்ன வயதிலிருந்தே எதையும் ஒரு தரம்தான் சொல்லுவாய், யாரும் கேட்காவிட்டால் ஒதுங்கிப் போய்விடுவாய். வேலை இடத்தில் அப்படி இருக்காதே, இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் சொல்லு. இதை உன் குறை என்று சொல்ல வரவில்லை, கேட்காதவள் நான். நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலி வந்தால் வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகாதே.

நீ அப்போது சொன்னதை, ஏதோ நேற்றுதான் சொன்ன மாதிரி, போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். அதிலிருந்து கூலி இல்லாமலே பின்னேரங்களில் போகிறார், மேட்டுப் புல்லைத் தூக்கிச் செதுக்குகிறார், பள்ளத்தில் விரல் கனம் மண் போடுகிறார். எதுக்குங்க இனிமே என்றேன். மண் சலிக்கப் போய்விட்டார். ஜம்பு மரத்தடியில் நம் கூடாரம் நின்ற இடம் மட்டும் நாம் சாணி போட்டு மெழுகி மிதித்து இறுகி, இன்னும் புல் முளைக்காமல் இருக்கிறது. நேற்று அங்கே புல்லை நடப் போனேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார். "அத விடு. மழ புடிச்சா கூடாரம் எங்க அடிக்கிறது?" என்றார்.

நீ நூறு வயதுக்கு நோயில்லாமல் நல்லா இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் பேசாதே. மழை நேரத்தில் போன் எடுபடாவிட்டால் பயப்படாதே, ஜம்பு மரத்தடியில் இருப்போம்.

உன் அம்மா
விஜயகலா