நல்ல காலின் பலம்

மார்ச் 3

துணிக்கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மகளைச் சோதனைக்கு அழைத்துப் போனேன். முட்டி ஜவ்வு அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. நாற்காலி மாதிரி ஒரு இயந்திரம். நெஞ்சையும் தொடையையும் வாரால் கட்டி, கணுக்காலுக்கு மேல் ஒரு கம்பியைப் பூட்டுகிறார்கள். எவ்வளவு பலமாக உதைத்தாலும் அது தன் வேகத்தை இம்மியும் கூட்டுவதில்லை. உதைக்கிற அளவுக்கு எதிர்த்து நிற்கிறது. பலம் திரையில் கோடாக விழுகிறது.

"அடிமாட்டு விலைக்குக் கேக்கறவங்க முன்னாடி நான் நிக்கற மாதிரியே நிக்குதே!" என்றேன். பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அடிபட்ட காலுக்கு நல்ல காலின் பாதி பலம்தானாம். ஏறக்குறைய சமமாகும்வரை கால்பந்து கூடாது. அணித் தேர்வோ அடுத்த மாதம்.

மார்ச் 19

பயிற்சிக்கும் அதே நாற்காலிதான். வலித்தால் விட்டுவிடலாம், இயந்திரமும் உடனே விட்டுவிடும். அவள் விடுவதில்லை. கண்ணில் நீர் முட்ட உதைக்கிறாள். பார்க்க முடியாமல் வெளியே வந்து, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 6

மறு சோதனை. இரண்டு கால்களும் கிட்டத்தட்ட சமம்.

எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. அடிபட்ட காலால் உதைத்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல காலுக்கு வந்தபோது முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. துணிக்கடைக்காரனுக்கு இது தெரியாதா? சுமாரான துணியை எடுப்பாகக் காட்ட, பக்கத்தில் அதைவிட மட்டமானதை விரிப்போம். வேண்டுமென்றே மெல்ல உதைத்து, நல்ல காலை மட்டமாக்கி விரித்துவிட்டாள்.

பிசியோ பெண்ணுக்கும் சந்தேகம். "முழு பலத்தோட உதைச்சா ஒவ்வொரு உதையோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படியும். நல்ல கால்ல சிதறுதே?"

"அந்தக் காலுக்குப் பயிற்சியே செய்யல மேடம், இளைச்சிடுச்சு. அப்பாவைக் கேளுங்க."

பிசியோ பெண் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றால் போதும்.

"தினமும் ரெண்டு காலுக்கும்தான் செய்யறா. மறுபடி அளங்கம்மா" என்றேன்.

அளந்தார்கள். நல்ல கால் எங்கோ போய் நின்றது. அடிபட்டது வெகு கீழே. இந்த வித்தியாசத்தோடு ஆடினால் ஜவ்வு மறுபடி அறுந்துபோகலாம் என்றாள் அந்தப் பெண். மகள் வாரை அவிழ்க்கவே இல்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

ஏப்ரல் 7

மனைவி சொன்னாள்: "அவ உங்க பொண்ணா, எதிர்க்கடைக்காரரா? தனியா கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பாளா? காலைக் காப்பாற்றத்தான் சொன்னேனா, அல்லது என் வித்தையை என்னிடமே காட்டியதும் வியாபாரி முழித்துக்கொண்டானா? தெரியவில்லை.

ஏப்ரல் 8

சாப்பிடும்போது மகள் வாயைத் திறந்தாள்.

"நீங்க கடையில பண்ணா சாமர்த்தியம். நான் பண்ணா திருட்டா?"

"துணி கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம்டி. கால்—"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தலையில் மூட்டை சுமந்து விற்ற காலத்திலிருந்து எத்தனையோ பேரைப் பேசி வளைத்திருக்கிறேன். என் வீட்டுக்குள் ஒரு வார்த்தை விலைபோகவில்லை.

ஏப்ரல் 15

இன்று அணித் தேர்வு. அவள் அறைக் கதவு திறக்கவில்லை. நானும் கடை திறக்கவில்லை.

மே 22

பயிற்சிக்குப் போகிறாள், வருகிறாள். பஸ்ஸில். "நான் கொண்டு விடட்டுமா?" என்றால், "வேண்டாம்." மாலையில் கடையில் உட்கார்ந்து பில் போடுகிறாள். வருகிறவர்கள் "பொண்ணு பொறுப்பாயிட்டா" என்று பாராட்டுகிறார்கள். நான் மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன்.

ஜூலை 11

கடைசி சோதனை. இன்றைக்கு என்னை வரவிட்டாள். இரண்டு காலாலும் உயிரைக் கொடுத்து உதைத்தாள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. உண்மையிலேயே சமம். "இனி தாராளமா ஆடலாம்" என்று பிசியோ பெண் கை கொடுத்தாள். மகளும் கை கொடுத்தாள், "தேங்க்ஸ் மேடம்."

திரும்பும் வழியில் மைதானம். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஏம்ப்பா வண்டியை உருட்டறீங்க? கடைக்கு நேரமாச்சு."