பைண்டிங்கில் சேர்க்காத மாற்கு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். நான் கையால் எழுதிய மாற்கு சுவிசேஷத்தைச் சபைக் கமிட்டி பைண்டிங்கிலிருந்து எடுத்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அநியாயம்.

நடந்தது இது. வேதாகமம் முழுவதையும் சபையாரே கையால் எழுதி, ஒரே புத்தகமாகக் கட்டி, சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று ஆலயத்தில் வைப்பது என்று தீர்மானம். அறுபத்தாறு புத்தகங்களும் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எனக்கு மாற்கு. நான்கு மாத உழைப்பு. அதுவும் கண்புரை ஆபரேஷனுக்குப் பின். பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நிறுத்தினேன். மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகள் அங்கேதான் முடிகின்றன. மீதிப் பன்னிரண்டு வசனங்கள் பின்னால் சேர்ந்தவை. புதிய மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது.

செயலாளர் ஞானராஜ் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்பித் தந்தார். "பாதில விட்டத எப்படி பைண்ட் பண்ண, அண்ணாச்சி? ரோமாபுரி ராஜா ஒரு கூட்டம் போட்டு எது வேதம்னு என்னைக்கோ முடிவு பண்ணியாச்சு. லைன்மேனா இருந்து கரண்ட கட் பண்ணிப் பழகிட்டீங்க, இங்கனயும் கட் பண்ணுதீங்க."

எந்த ராஜாவும் ஒரே கூட்டத்தில் முடிவு செய்யவில்லை. சபைகள் வாசித்து வாசித்து நிலைத்த புத்தகங்கள் இவை. பட்டியல் பிறகு வந்தது. எபிரேயர் நிருபமும் வெளிப்படுத்தலும் சேர்க்கப்படாமல் நெடுங்காலம் வாசலில் நின்றவை. எட்டாம் வகுப்பு வரை படித்த நான் சொன்னால் எடுபடாது.

பிரஷர் மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். மாற்குவை மறுபடி எழுதும் வேலை மூன்றாம் தெரு ஜெயமணிக்கு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பங்கான ரூத் புத்தகத்தை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்.

என் வீட்டுக்கே வந்தார். அச்சு வேதத்தில் எழுத்து பொடி, உங்கள் எழுத்து பெரிது, உங்கள் தாள்களைப் பார்த்தே எழுதிக்கொள்கிறேன் என்றார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். காபி கொடுத்து அனுப்பினேன். நீக்கிய பிரதியிலிருந்தே அடுத்த பிரதி! உள்ளுக்குள் சந்தோஷம்.

ஜூலை 12, சனி

மறுபடி ஜெயமணி. வாசலில் நின்றே கேட்டார்: "ஒம்பதாம் அதிகாரத்துல நாப்பத்தி நாலு முடிஞ்சதும் நாப்பத்தி ஏழு வருது. நடுவுல ரெண்டு வசனத்தக் காணோம். அது எந்தப் பழைய பிரதி, அண்ணாச்சி?"

பார்த்தேன். உண்மை. நாற்பத்து நான்கும் நாற்பத்தாறும் ஒரே வாக்கியம். ஒன்றை எழுதி நிமிர்ந்த கண் மற்றதில் போய் இறங்கியிருக்கிறது. அந்தக் காலத்து எழுத்தர்கள் இப்படித்தான் வரிகளை விட்டார்கள் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். மூன்று முறை சரிபார்த்தவன் வேறு. நாற்பத்தாறு மட்டும் விடுபட்டிருந்தால் வாதாடலாம், பழைய பிரதிகளிலும் அது இல்லை. நாற்பத்தைந்தை என்ன சொல்ல?

ஜெயமணி போகவில்லை. "நா எதுக்கு மொத்தமும் எழுதணும்? உங்க தாள் அப்படியே இருக்கட்டும். விட்டத ஓரத்துல எழுதிருவோம். கடைசிப் பன்னெண்டு வசனத்த நா எழுதுதேன், நடுவுல கொஞ்சம் எடம் விட்டு. கையெழுத்து மாறுதுன்னு பாக்கவங்களுக்கே தெரியும்லா."

கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. எனக்கும் தோன்றவில்லை.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகு தோசை இரண்டு.

ஜூலை 13, ஞாயிறு

சீசன் கூட்டம். குற்றாலம் போகும் வண்டிகளைத் தாண்டி ஆலயம் சேர அரை மணி தாமதம்.

ஆராதனைக்குப் பின் கமிட்டி. என் பிழையை நானே எழுந்து சொன்னேன். சிலருக்குச் சிரிப்பு. பிறகு ஜெயமணியின் யோசனை, அவர் பெயரோடு. செயலாளர் ஞா. ஒரு வரிகூட இடம் விடக் கூடாது என்றார். நான் அரைப் பக்கம் கேட்டேன். வெகு நேரம் இதே பேச்சு. கடைசியில் குருவானவர்: "மூணு வரி விடுவோம். ஏன்னு யாரும் கேட்டா அண்ணாச்சி சொல்லட்டும். கேக்கட்டுமே, படிச்சாத்தான கேப்பாங்க."

கை தூக்கினார்கள். எதிர்ப்பு இரண்டு பேர். மாற்கு சேர்கிறது.

மூன்று வரி போதாது. ஏற்றுக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். எதிர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

தூறல். நன்றாகத் தூங்கி எழுந்தேன். ஆக வேண்டியவை:

ஜெயமணி: விட்ட இரண்டு வசனங்கள், ஓரத்தில், நீல மை. கடைசிப் பன்னிரண்டு, தனித் தாளில், மேலே மூன்று வரி விட்டு.

குருவானவர்: தென்காசி பைண்டருக்கு இன்றே போன்.

ஞா.: மாற்குவை மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் நடுவில் வைப்பது. கடைசியில் செருகக் கூடாது. நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நான்: ஜெயமணி எழுதியதும் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க. மற்ற அறுபத்தைந்தையும் யார் சரிபார்த்தது என்று கமிட்டியில் கேட்க.

நான்: ஞா. வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவிக்க. ஒன்பதாம் அதிகாரத்துக்கு மட்டும்.