என் பக்கம் காட்டிய முகவரி

மார்ச் 3
பழைய லேப்டாப்பை அம்மா அறையில் வைத்து, என் இணையப் பக்கத்தை ஓடவிட்டாயிற்று. யார் திறந்தாலும் அவர்களுடைய ஐ.பி. முகவரியை, எங்கிருந்து இணைகிறார்கள் என்று சொல்லும் எண்ணை, ஒரே வரியில் காட்டும். விளம்பரம் கிடையாது, வேவு கிடையாது. யாருக்கு வேண்டும் இது? ஒருத்தருக்கும் வேண்டாம். விடுமுறை நாள் முழுக்க வாயே திறக்காமல் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும், அதற்குத்தான்.

மார்ச் 4
நானே திறந்து திறந்து பார்த்தேன். 192.168.1.4. வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். வீட்டிலிருந்துதானே பார்க்கிறேன், சரிதான். வேறு ஈ காக்கை இல்லை.

மார்ச் 8
தம்பிக்கு இணைப்பை அனுப்பினேன். "சரியா வேலை செய்யுதான்னு பாரு." அவ்வளவுதான் எழுதினேன். அம்மா போன பிறகு அவள் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று குதித்தவன். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன். அந்த வெறுங்கட்டிலைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்தது யார்? அவனா? போகட்டும்.

மார்ச் 9
பதில் இல்லை.

மார்ச் 12
பார்த்திருக்கிறான், பதில் இல்லை. கொழுப்பு.

மார்ச் 15
அவனே கூப்பிட்டான்! ஒரு ஹலோகூட இல்லை. "அக்கா, உன் பக்கம் உளறுது. 192.168.1.4-ங்குது. அது நம்ம வீட்டு நம்பர்தானே? நான் எங்கயோ கிடக்கேன், அது என்னை உன் வீட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கு."
அட கடவுளே. பக்கத்துக்கு முன்னால், வருகிறவர்களை உள்ளே அனுப்ப ஒரு நிரலை நிறுத்தியிருக்கிறேன். வந்தவருடைய முகவரியையும் சேர்த்து அனுப்பச் சொல்ல மறந்துவிட்டேன். அது தன் முகவரியையே எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. இத்தனை வருடம் இதே பிழைப்பு, இதில் போய்க் கோட்டை விட்டேனே!
"வாசப்படி மிதிக்காமயே உள்ள வந்துட்டேன் பாத்தியா," என்று சிரித்தான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 16
சரி செய்யவில்லை. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 17
சரி செய்தேன். திறந்து பார்க்கச் சொன்னேன். அவன் அனுப்பிய படத்தில் வேறு எண், வேறு ஊரின் எண். அதுதான் உண்மை. இருந்தாலும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அதையும் அவனுக்கு எழுதி அனுப்பினேன் — மானம் போனால் போகட்டும்.

ஏப்ரல் 6
வைஃபை கடவுச்சொல்லை நான் மாற்றவேயில்லை. அவன் போன் தானாகவே சேர்ந்துகொண்டது.
"அக்கா, நீ இன்னும் சரி பண்ணலையா? மறுபடியும் நம்ம வீட்டு நம்பரையே காட்டுதே!" கட்டில் இருந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, போனைத் தூக்கிக் காட்டினான்.
"சரியாத்தான்டா காட்டுது," என்றேன்.