முதல் பந்தி

1956 நவம்பர் 18, ஞாயிறு. இரவு பத்தே கால். கோயில் வாசலிலிருந்து பசியோடு திரும்பியவர்கள் பதினொரு பேர். எல்லோரும் எங்கள் கல்குவாரி ஆட்கள்.

கார்த்திகை தீபத்துக்கு ஒரு மூட்டை அரிசி தர்மம் செய்ய நினைத்தேன். குவாரிக் குடிசைகளிலேயே இறக்கியிருக்கலாம். கோயில் அன்னதானம் என்றால் ஒழுங்காகப் பங்கிடுவார்கள் என்று நம்பி அங்கே கொடுத்தேன். படித்த முட்டாள்.

தர்மகர்த்தா என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

"குவாரி ஆளுங்க வெளியவே நிக்கறாங்களே?" என்றேன்.

"அவங்களுக்கு உள்ள எடம் ஏது ஓவர்சியர்? மிச்சம் மீதி இருந்தா வாசல்ல ஊத்துவாங்க. ரசத்துக்குக் குழி பண்ணுங்க."

குழி பண்ணினேன். சாப்பிட்டேன். மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

ஜல்லி உடைக்கும் முனியம்மா காலிச் சட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். இந்தச் சோற்றை நம்பி அவள் பிள்ளைகள் இரண்டும் குடிசையில் காத்திருந்தன.

"உங்க அரிசியாமே சாமி. நல்லா வெந்திருந்துச்சா?" என்றாள்.

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி:

1. விடிந்ததும் ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கிக் குடிசைகளில் இறக்குவது.

2. எல்லோருக்கும் சோறு என்று சொல்லித்தானே வாங்கினீர் என்று தர்மகர்த்தாவை நேரில் கேட்பது.

3. எட்டு மணிக்கு வேலை. முனியம்மா முகத்தில் விழிக்க வேண்டும்.